கவனம் காக்காவும் தலைகீழ் அம்பும்

கல்முனைக் கரையில் அந்த நாட்களில் பயப்படாத மனிதர் என்று எவரும் இருக்கவில்லை. கடல் ஊருக்குள் வந்து போயிருந்தது; சண்டை மறுபடியும் மூண்டிருந்தது. ஆனால் நாங்களெல்லாம் வந்த ஆபத்துக்குத்தான் பயந்தோம். இன்னும் வராத ஆபத்துகள் அத்தனைக்கும் முன்கூட்டியே பயந்து முடித்து வைத்தவர் கவனம் காக்கா ஒருவர்தான்.

சுனாமியில் உப்பேறிய கிணறுகளைத் துப்புரவாக்கும் ஓர் அலுவலகத்தில் நான் தண்ணீர் பரிசோதிப்பவன். அவர் எங்கள் கிழட்டு ஜீப்பின் சாரதி. ஏறினால் கவனம், இறங்கினால் கவனம், யாராவது தேத்தண்ணீரை வாயருகே கொண்டுபோனால் அதற்கும் ஒரு கவனம். மூத்த முஸ்லிம் ஆண்களைக் காக்கா என்பது எங்கள் வழக்கம். மீதிப் பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

கடல் அடித்த பிறகுதான் மனுஷன் இப்படி ஆனார் என்று இரக்கப்பட்டவர்கள் உண்டு. அது பொய். அவர் மாப்பிள்ளையாகப் போன அன்றே, பந்தல் விழுமென்று வெளியே நின்று சாப்பிட்டவராம். கடல் செய்ததெல்லாம், அவரைப் பார்த்துச் சிரித்தவர்களின் வாயை அடைத்ததுதான்.

ஜீப்பை எடுக்குமுன் குனிந்து அடியில் பார்ப்பார். முதலில் கண்ணிவெடி, பிறகு பூனை. சொறிக்கல்முனைப் பக்கம் ஒரு மரப்பாலம் இருந்தது. அங்கே எங்களை இறக்கி நடக்கவிட்டு, தான் மட்டும் கலிமா சொல்லிக்கொண்டு ஓட்டிவருவார். அக்கரையில் நாங்கள் ஏறியதும், நெற்றியைத் துடைத்தபடி ஒவ்வொருவராக எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

அப்படிப்பட்டவரின் ஜீப்புக்கு நடுக்கம் பிடித்தது. சில்லு ஒரு பள்ளத்தில் விழுந்தால் போதும், ஸ்டியரிங் வளையம் பேய் பிடித்ததுபோல் இடமும் வலமும் உதறும். இந்த உதறலைத் தடுப்பதற்கென்றே முன் சில்லுகளுக்கு நடுவே ஒரு டம்பர் படுக்கையாகப் பூட்டியிருக்கும். எண்ணெய் நிறைந்த முழங்கை நீளக் குழாய். ஒரு முனையில் கம்பி உள்ளே போய் வரும். பழையது செத்துவிட்டதென்று புதியது வாங்கிப் போட்டார்கள். உதறல் நிற்கவில்லை, கூடியது.

அன்று நானும் அவரும் மட்டும் வரிப்பத்தான்சேனையில் வேலை முடித்துத் திரும்பும்போது, வயல் வட்டைக்கு நடுவே ஜீப் உதறிய உதறலில் வாய்க்காலுக்குள் போகப் பார்த்தது. காக்கா நிறுத்தி, அடியில் படுத்து, டம்பரையே கழற்றிவிட்டார். இதுதான் ஜீப்பைக் கெடுக்கிறது என்பது அவர் முடிவு. அதை உரப்பையில் சுற்றி என் காலடியில் போட்டுவிட்டு, மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். ஊரடங்கு தொடங்குமுன் வீடு சேரவேண்டுமே என்று நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வழியில் சோதனைச் சாவடி. இளம் சிப்பாய் ஒருவன் உரப்பையைத் துவக்கு முனையால் விலக்கினான். கறுத்த இரும்புக் குழாய், முனையில் கம்பி. அடுத்த கணம் அவன் பின்னால் பாய்ந்தான். நாங்கள் இருவரும் கைகளைத் தூக்கியபடி நடுவீதியில் நின்றோம்.

என் அடையாள அட்டையை வாங்கினார்கள். தமிழ்ப் பெயரைப் படித்த சிப்பாய் இன்னொருவனைக் கூப்பிட்டு, என்னை ஓரமாக வரச் சொன்னான். அந்த நாட்களில் அப்படி ஓரமாகக் கூட்டிப்போகப்பட்ட எல்லோரும் திரும்பி வந்ததில்லை. பூனைக்குப் பயந்த மனிதர் எனக்கும் துவக்குக்கும் நடுவில் வந்து நின்றார்.

"மகே மல்லி," என்றார் சிங்களத்தில். என் தம்பி என்று அர்த்தம்.

பெயர்களைப் பார்த்தால் நாங்கள் அண்ணன் தம்பி என்று யாரும் நம்பமாட்டார்கள். அவர் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

சாவடிக்குள்ளிருந்து நரைத்த மீசை சார்ஜன் ஒருவர் வந்தார். குழாயை எட்ட நின்று பார்த்தார், பிறகு கிட்ட வந்து பார்த்தார். வாகனச் சாமான் என்றால் பூட்டிக் காட்டு என்று சைகை செய்தார். காக்கா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் புகுந்தார். குனிந்து பார்த்த சார்ஜன் தலையில் அடித்துக்கொண்டார். குழாயின் மேல் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. காக்கா அதை நிலத்தைப் பார்க்கத் திருப்பிப் பிடித்திருந்தார்.

"உடட்ட," என்றார் சார்ஜன், வானத்தைக் காட்டி. அம்பு மேலே வரவேண்டுமாம்.

காக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கராஜில் மேலே பார்க்கப் பூட்டியிருந்ததை, சண்டை பிடித்துக் கீழே திருப்பியவரே அவர்தானாம். அது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது.

"அம்பு மேல பாத்தா வண்டி மேலால பாயும் தம்பி. கீழ பாத்தாத்தான் ரோட்டப் புடிச்சிட்டு நிக்கும். இத அவருக்கிட்டச் சொல்லுங்க."

துவக்குகளுக்கு நடுவில் நின்று இதை நான் சிங்களத்தில் சொன்னேன். சார்ஜன் குழாயைப் படுக்கையாகப் பிடித்து, அம்பு மேலே இருக்கக் கம்பியை அமுக்கி இழுத்தார். தொடக்கம் முதல் முடிவுவரை இறுக்கமாக வந்தது. புரட்டிப்போட்டுப் பலமுறை இழுத்துவிட்டுக் காக்காவின் கையில் கொடுத்தார். இப்போது கம்பி பாதித் தூரம் வெறுமனே ஓடியது. தலைகீழாய்க் கிடந்தால் எண்ணெய் ஓடவேண்டிய வழியில் காற்று புகுந்துவிடும் என்று விளக்கினார். காக்கா இழுத்துப் பார்த்தார். மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"மெய்தான்," என்றார் மெதுவாக. "அப்ப இவ்வளவு நாளும் உங்களையெல்லாம் காத்துல வெச்சா ஓட்டினன்?"

அதன்பின் அவர்கள் இருவரும் ஜீப்பின் அடியில் கிடந்தார்கள். இரண்டு சோடிக் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன, ஒன்று சப்பாத்தோடு, மற்றது செருப்போடு. சார்ஜன் வெளியே வந்து கையைத் துடைத்துவிட்டு, சிப்பாயிடமிருந்து என் அட்டையை வாங்கி, என்னிடம் கொடுக்காமல் காக்காவின் கையில் கொடுத்தார். மல்லியைக் கூட்டிக்கொண்டு நேரத்தோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்.

ஜீப் பள்ளங்களில் இறங்கி ஏறியது, ஸ்டியரிங் அசையவில்லை. ஆனால் காக்காவின் கைகள் என் வீட்டு வாசல்வரை நடுங்கிக்கொண்டே இருந்தன.

சண்டை முடிந்து அலுவலகமும் மூடப்பட்டது. நான் மட்டக்களப்புக்கு மாறினேன். இன்றைக்கும் வானம் கறுத்தால் அவரிடமிருந்து தொலைபேசி வரும். நான் எங்கே நிற்கிறேன், குடை இருக்கிறதா, மரத்தடியில் நிற்கவில்லையே என்று கேட்பார். நான் சிரித்துக்கொண்டே ஓம், ஓம் என்பேன்.

போன மாரியில் ஒருநாள் மழை கொட்டியது, அழைப்பு வரவில்லை. நானே அழைத்தேன்; அவர் எடுக்கும்வரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.