எலுமிச்சைக் கவுண்டர்

நடந்தது 2004இலா, 2005இலா என்று எனக்குத் திடமில்லை. வரிசை தெருமுனை வரை நின்றதாக நினைவு. அதை நானே நீட்டியிருக்கலாம். கம்ப்யூட்டரின் தலையில் எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது மட்டும் உண்மை.

புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகம். பெயர் வேண்டாம். பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியாகிவிட்டது, இனி ஒரே நிமிடத்தில் சான்றிதழ் என்று தொழில்நுட்ப அதிகாரி அரிகிருஷ்ணன் பேனர் கட்டினார். பேனர் நன்றாகவே இருந்தது. ஆனால் வயதானவர் யார் பெயரை அடித்தாலும் கம்ப்யூட்டர் 'பதிவு இல்லை' என்றது. பேரன் பேத்தி எடுத்தவர்கள், தாங்கள் இன்னும் பிறக்கவே இல்லை என்று தெரிந்துகொண்டு வீடு திரும்பினார்கள்.

அப்போதுதான் நாராயணசாமி வந்தார். காவி வேட்டி, கம்ப்யூட்டர் ஒயரில் கோத்த உருத்திராட்சம். ஊர் அவரைச் 'சர்வர் சாமி' என்றது. மெஷினுக்குத் தோஷம் என்றார். மானிட்டர் மேல் பழத்தை வைப்பார், கண்ணை மூடுவார், ஒரு சீட்டில் எதையோ எழுதி ஆபரேட்டர் அஞ்சலாட்சியிடம் நீட்டுவார். அதுதான் பெயரின் மந்திர வடிவமாம். அதை அடித்தால் சான்றிதழ் வந்துவிடும். கூட்டம் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

அரிகிருஷ்ணன் இதை ஆராய்ந்தாரா? ஆராய்ந்தார். பழம் உருளாமலிருக்க மானிட்டர் மேல் ஒரு ஸ்டாண்டு செய்யச் சொன்னார். எலுமிச்சைக்குத் தனிக் கவுண்டர் திறந்தார். புதுமைக்கான விருதுக்கும் விண்ணப்பம் போட்டார்.

நான் வரிசையில் நின்ற வெள்ளிக்கிழமை, எனக்கு முன்னால் ராஜவேல். சேதராப்பட்டில் ஒரு கம்பெனி வாட்ச்மேன். உனக்கு ஓய்வு வயது ஐம்பத்தெட்டு ஆகிவிட்டது, இல்லையென்றால் திங்கட்கிழமைக்குள் சான்றிதழ் காட்டு, காட்டாவிட்டால் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டார்களாம்.

"சாமி, எனக்கு அம்பத்து நாலுதான். மெஷினு நான் பொறக்கவே இல்லன்னுது."

"ஒனக்கு ஏழரை நடக்குது. அமாவாசைக்கு வெள்ளித் தகடோட வா."

"அதுக்கு இன்னும் பத்து நாளு இருக்கே சாமி. திங்கக்கெழம வேல பூடும்."

"சனீஸ்வரன் என்னா ஒங்க மேனேஜருகிட்ட வேல பாக்குறாரா?"

கூட்டம் சிரித்தது. ராஜவேல் சிரிக்கவில்லை.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தும் சலீமா, கீழே கிடந்த பழைய சீட்டுகளைப் பொறுக்கிப் படித்துக்கொண்டிருந்தவர், நிமிர்ந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். வேல செய்யிறது பழமா, சீட்டா?"

"ரெண்டும் சேந்துதாம்மா."

"பிரிச்சுப் பாத்துடலாமே."

முதலில் பழம் மட்டும். ஒன்றுக்கு மூன்றாக வைத்தார்கள். அஞ்சலாட்சி ராஜவேலின் பெயரை அவர் கையெழுத்துப் போடுகிறபடியே அடித்தார். பதிவு இல்லை.

"இப்பப் பழத்த எடுத்துடுங்க. நான் சொல்றத அடிங்க. ஆர், ஏ, டி, ஜே, ஏ, வி, இ, எல், ஓ, யு."

திரையில் ராஜவேல் பிறந்தார். தேதி, தகப்பனார் பெயர், எல்லாம் சரி. வயது ஐம்பத்து நாலு.

"பிரெஞ்சுக்காரன் காலத்துப் புஸ்தகம் அண்ணே. அவன் எழுத்துல ஜேக்கு முன்னால ஒரு டி வரும். வேலுன்னா கடைசீல ஓ, யு. சீட்டு பூரா இதான் இருக்கு." சலீமா சாமியின் பக்கம் திரும்பினார். "பிரெஞ்சு பென்ஷன்காரங்களுக்கு மனு எழுதிக்கினு இருந்தவருதான நீங்க?"

சாமி யோசித்தார். "அந்த எழுத்துல ஒரு சக்தி இருக்கத்தாம்மா செய்யுது."

"அப்ப ஸ்டாண்டு?" என்றார் அரிகிருஷ்ணன், கவலையாக.

அஞ்சலாட்சி சான்றிதழை அச்சடித்து ராஜவேலிடம் நீட்டினார்.

ராஜவேல் மேலும் நான்கு வருடம் அதே கேட்டில் நின்று ஓய்வு பெற்றார். நாராயணசாமி இப்போது அரியாங்குப்பத்தில் செல்போன் டவர்களுக்குத் தோஷம் கழிக்கிறார், கூட்டத்துக்குக் குறைவில்லை. அரிகிருஷ்ணனுக்கு விருது கிடைத்தது. அஞ்சலாட்சி பிரெஞ்சு எழுத்து முறையை ஓர் அட்டையில் எழுதி ஒட்டினார். அதற்கு விருது கிடையாது. சலீமாவின் இன்ஸ்டிடியூட் மூடிவிட்டது. பெயர் கிடைத்தவர்கள் அவரைத் தெருவில் கண்டால் இன்னும் கும்பிடுகிறார்கள். "கும்பிடுறத வுட்டுட்டு யோசிங்க" என்று அவர் திட்டுகிறார். அதையும் மந்திரம் என்று சீட்டில் எழுதிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள்.