பூரானுக்கு நாற்பத்திரண்டு கால்

"நாப்பத்தொண்ணு."

அருங்காட்சியகக் காப்பாளர் மறுபடியும் எண்ணிப் பார்த்தார். நாற்பத்தொன்றேதான். திங்கட்கிழமை பதிவேட்டில் அவரே எண்ணி எழுதியிருந்தார்: உலர்ந்த பூரான் ஒன்று, கால்கள் நாற்பத்திரண்டு. பெட்டி பூட்டித்தான் இருந்தது. சாவியும் அவரிடம்தான். ஒரே நாளில் ஒரு காலைக் காணோம்!

வெள்ளிக்கிழமை இயக்குநர் சரிபார்க்க வருகிறார். கணக்கு இடித்தால், பத்து வருடமாக அவர் காத்திருக்கும் தலைமைக் காப்பாளர் பதவி போயே போச்சு.

பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளைக் கூப்பிட்டார். "ஏம்மா, இந்தப் பெட்டியைத் தொட்டீங்களா?"

"பூரானைத் தொட எனக்கென்ன சார் பைத்தியமா?"

தொடாதவர் ஏன் இத்தனை வேகமாகப் பதில் சொல்ல வேண்டும்? இனி வாசற்படியோடு நிற்கும்படி உத்தரவு போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பேனா முனையால் காலையும் மாலையும் எண்ணத் தொடங்கினார்.

புதன் மாலை முப்பத்தாறு.

அடுத்த அறையில் வெட்டுக்கிளிகளை வகை பிரித்துக்கொண்டிருந்த ஆய்வாளர் பெண்ணிடம் போனார். "உங்ககிட்ட மாத்துச்சாவி இருக்குல்ல?"

"இருக்கு. ஆனா எனக்கு எதுக்கு சார் பூரான் கால்? கணுவுக்கு ஒரு ஜோடின்னா பூரான், ரெண்டு ஜோடின்னா மரவட்டை, மொத்தமே ஆறுன்னா பூச்சி. உங்க பூரான் போற வேகத்துக்கு, நாளன்னைக்கு என் பெட்டிக்கே வந்துடும்."

சிரிப்பு வேறு! மடியில் கனமில்லாதவள் மாதிரி என்னமாய் நடிக்கிறாள்! மாற்றுச்சாவியைப் பறித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவியையும் விடவில்லை. "என் பையிலேர்ந்து சாவியை எடுத்தியா?"

"எடுத்து? பூரான் காலைக் காதுல மாட்டிக்கவா?"

அன்றைக்குச் சோறு கிடைக்கவில்லை. வீறாப்பில் சட்டையைக்கூட மாற்றாமல் படுத்தார். மறுநாள் பெட்டி பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கால் மணிக்கொரு முறை எண்ணினார். ஒரு ஈ காக்கை உள்ளே வரவில்லை. ஆனாலும் கால்கள் குறைந்துகொண்டேதான் வந்தன. பாவம், மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை, அதே கசங்கிய சட்டையில், இயக்குநர் முன்னால் எண்ணினார்: பதினொன்று.

"பூட்டு உடையல. சாவி ரெண்டும் உங்ககிட்ட. அப்ப கால் எங்கய்யா போச்சு?"

"எல்லார் மேலயும் எனக்குச் சந்தேகமா இருக்கு சார்!"

வாசற்படியிலிருந்து பெருக்கும் அம்மாள் கேட்டார். "பக்கத்துப் பெட்டி மரவட்டைக்கும் கால் குறைஞ்சிருக்கா சார்?"

"அது அப்படியே இருக்கு. நூத்துக்கணக்குல கால், அதை எவன் எண்ணுறது?"

"அதான் பொழைச்சுது. பூரானைத்தானே நீங்க பேனாவால தட்டித் தட்டி எண்ணுனீங்க? அந்தச் சட்டைக் கை மடிப்பைக் கொஞ்சம் உதறுங்க சார்."