பூனை பரிசீலனையில் இருக்கிறது

ஒரு பொருளை வாங்காமலே இருப்பதற்கு மனிதகுலம் கண்டுபிடித்த மகத்தான வழிமுறைக்குக் 'கொள்முதல் துறை' என்று பெயர். அத்துறையின் மூத்த அதிகாரி வீட்டில், இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் சோபா மேல் ஏறி நின்று கோரிக்கை வைத்தாள்.

"அப்பா, கம்ப்யூட்டர்ல ஒரு பூனையக் குதிக்க வைக்கணும். சொல்லிக் குடுப்பா. நாம ரெண்டு பேரும் சேந்து செய்யலாம்."

அதிகாரிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மகளுக்கு உலகத்திலேயே சிறந்த பாடத்தைத்தான் தேடித் தருவது என்று முடிவு செய்தார். மனைவி உடனே மொபைலில் ஒரு தளத்தைக் காட்டினாள். சின்னப் பிள்ளைகளுக்கானது. வண்ணக் கட்டங்களை இழுத்து ஒட்டினால் பூனை நடக்கும்.

"இலவசம்தாங்க. இப்பவே அவளோட உக்காருங்களேன்."

"ஒரே ஒரு கொட்டேஷனை வச்சு முடிவெடுக்கறதா? ஆடிட்ல கேட்டா?"

"நம்ம வீட்டுல ஏதுங்க ஆடிட்?"

"இப்படித்தான் எல்லா ஊழலும் ஆரம்பிக்குது!"

இலவசத் தளங்கள் அத்தனைக்கும் எழுதி 'இறுதி விலை' கேட்டார். இலவசம் என்று பதில் வந்தது. அதில் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று மறுபடி கேட்டார். மிரண்டுபோன ஒரு தளம் டி-ஷர்ட் தருவதாகச் சொன்னது. அதை லஞ்சம் என்று அறிவித்துக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தார். சாப்பாட்டு மேசை 'மதிப்பீட்டு அரங்கம்' ஆனது. குடும்பம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டது.

மகள் அவ்வப்போது எட்டிப் பார்ப்பாள்.

"பூனை?"

"பரிசீலனையில இருக்கும்மா."

பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். குழந்தைக்கு அலுவலக நடைமுறை பிடிபட்டுவிட்டது என்று அதிகாரி பூரித்துப் போனார்.

ஒருவழியாகத் தீர்ப்பு நாள் வந்தது. அதிகாரி டை கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, தேர்வான தளத்தை அறிவித்தார். மனைவி முதன்முதலில் காட்டிய அதே தளம்.

கைதட்டல் இல்லை. மகள் மொபைலை நீட்டினாள்.

"அம்மாவும் நானும் அதுல அப்பவே செஞ்சிட்டோம்பா. தட்டிப் பாரு."

திரையில் ஒரு குட்டிப் பூனை துள்ளித் துள்ளிக் குதித்தது. பக்கத்தில் டை கட்டிய பெரிய பூனை ஒன்று நின்றது. அதிகாரி அதைத் தட்டினார். 'இன்னும் ஒண்ணு பாத்துடலாம்' என்றது. மறுபடி தட்டினார். 'இன்னும் ஒண்ணு பாத்துடலாம்.' விரல் வலிக்கத் தட்டினார்.

"இது குதிக்கவே மாட்டேங்குதேம்மா. எங்கயோ தப்பு பண்ணியிருக்க."

"தப்பெல்லாம் இல்லப்பா," என்றாள் மகள். "அது அப்பா பூனை."