ஷ்னைடர் வீட்டுச் சம்பந்தம்

மனிதர்களில் ‘ஊர் விசாரிப்போர்’ என்று ஓர் இனம் உண்டு. ரொறன்ரோவில் அவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. லோண்ட்ரியில் உங்கள் உடுப்பு சுற்றிக்கொண்டிருக்கும்போது அவர்களே பக்கத்தில் வந்து உட்காருவார்கள். “தம்பி எந்த ஊர்?” என்று தொடங்கி, ஊரில் எந்தப் பக்கம், கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, எந்த ஒழுங்கை, அந்த ஒழுங்கையில் எந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளினீர்கள் என்று படிப்படியாக இறங்கி, உடுப்பு காய்வதற்குள் உங்கள் பூட்டனார் என்ன தொழில் செய்தார் என்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். சாதியைக் கேட்டார்களா? சீச்சீ. ஊரைத்தான் கேட்டார்கள்.

செல்வரட்ணம் இதில் விண்ணன். ஊரில் அரசாங்கக் கிளாக்கர். இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார் என்றாலும் அது தற்காலிகம். நாலு வருடமாகத் தற்காலிகம். எண்பத்தெட்டில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. கட்டினால் றொபேட் ஷ்னைடரைத்தான் கட்டுவேன் என்று மகள் அருள்மலர் ஒற்றைக்காலில் நின்றாள். வெள்ளைக்காரன் என்பதை அவர் ஒருமாதிரி விழுங்கிவிட்டார். ஆனால் எந்த வெள்ளைக்காரன்?

ஞாயிற்றுக்கிழமை பூங்கொத்தும் கையுமாக வந்த றொபேட்டை உட்காரவைத்து ஆங்கிலத்தில் விசாரணை தொடங்கியது. எந்த ஊர்? ஒஷாவா. எந்தப் பக்கம்? கார்த் தொழிற்சாலைப் பக்கம். கிணறு? குழாய்த் தண்ணீர்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் செல்வரட்ணத்துக்குப் பிடி கிடைக்கவில்லை. வேறு வழியின்றி, ஷ்னைடர் என்றால் என்ன அர்த்தம் என்று நேரே கேட்டுவிட்டார்.

பையனுக்கு ஒரே சந்தோஷம். ஜேர்மன் மொழியில் தையல்காரர் என்றான். அந்தக் காலத்தில் எவர் என்ன தொழில் செய்தாரோ அதுவே பரம்பரைப் பெயராக ஒட்டிக்கொண்டதாம். தன் ஆட்கள் ஒரு கிராமத்துக்கே சட்டை தைத்தவர்களாம். பெருமையாகச் சொல்லிவிட்டு இன்னொரு வடையை எடுத்தான். இப்படியும் ஓர் ஆளா?

அவன் போனதும் செல்வரட்ணம் கதவைச் சாத்தினார்.

“தையல்காரற்றை வீட்டுக்கோ பொம்பிளை குடுக்கிறது? நான் இருக்குமட்டும் நடவாது.”

அருள்மலரின் கண் கலங்கியது. மனைவி புஸ்பராணி வடைத்தட்டை எடுத்தபடியே சொன்னார்: “நான் ஸ்பெடைனாத் தெரு உடுப்புத் தொழிற்சாலையில நாலு வருசமாச் சட்டைக்குக் கொலர் தைக்கிறன். இந்த வீட்டு அடுப்பு அதிலதான் எரியுது. இண்டைக்கு எங்களுக்குப் பேர் வைக்கிறதெண்டாலும் ஷ்னைடரெண்டுதான் வைப்பினம். தொழில் பொருத்தம் சரி. மிச்சத்தைப் பாருங்கோ.”

“உது வேற கதை.”

“ஓமப்பா, உங்கட வேலை வேறதான்,” என்றாள் மகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கோப்பை கழுவுறவைக்கு ஜேர்மன்ல என்ன பேரெண்டு றொபேட்டைக் கேக்கட்டே?”

“கேக்க வேண்டாம்.”

செல்வரட்ணம் கோப்பை கழுவி வெளிறிப்போன தன் கைகளைப் பார்த்தார். பிறகு, “தாய் தேப்பனை வரச் சொல்லு,” என்றார். அருள்மலர் டெலிபோனுக்கு ஓடினாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள். இந்தச் செல்வரட்ணம் எந்த ஊர், ஆருடைய ஆட்கள், பெயரை வைத்தாவது பிடித்துவிடலாமா என்று இவ்வளவு நேரமும் மனத்தின் ஒரு மூலையில் அரித்துக்கொண்டிருந்ததல்லவா? அப்படியானால் நீங்கள் எந்த இனம் என்பதை நான் ஒரு கேள்வியும் கேட்காமலே கண்டுபிடித்துவிட்டேன்.