மாதிரிக்கு நாலு கிளை

இந்த வருடம் தோட்டத்தில் ஒரு கிளையையும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். வெளியே சொல்லவில்லை. வெளியே சொன்ன முடிவுகள் எங்கள் வீட்டில் மறுநாள் காலை வரை உயிரோடு இருந்ததில்லை.

காரணம் ஒரு நாற்காலி. வீட்டின் பின்பக்கம், சமையலறை ஜன்னலுக்கு வெளியே, செம்பருத்தியும் காகிதப்பூக் கொடியும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு வளர்ந்திருந்தன. அந்தப் புதருக்குள் என் பிரம்பு நாற்காலி. அதில் உட்கார்ந்துவிட்டால் நான் யார் கண்ணுக்கும் படமாட்டேன். "ஏங்க" என்று உள்ளிருந்து குரல் புறப்படும். இலைகள் அதை வடிகட்டிவிடும். பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு நான் அடைந்த நிம்மதியை ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே புரிந்துகொள்வார்கள்.

ஜன்னலுக்கு உள்ளே கதை வேறு. என் மனைவிக்கு நண்பகலிலேயே சாயங்காலம் வந்துவிடும். விளக்கைப் போட்டுக்கொண்டுதான் காய் நறுக்குவாள்.

"இந்த ஜன்னல்ல முன்னாடி வானம்னு ஒண்ணு தெரியும்" என்றாள். "அதை மட்டும் எடுத்துக் குடுத்துடுங்க. வேற எதுவும் கேக்கல."

"வெட்டிடலாம். வெட்டின கிளையை எங்க போடறது?"

நியாயமான கேள்வி. போன வருடம் வெட்டியதே பின்சுவரோரம் மலையாகக் கிடந்தது. குப்பை வண்டிக்காரர் அதைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டிவிடுவார்.

"அதுக்கு மெஷின் இருக்காமே. எதிர்வீட்டுப் பல் டாக்டர் சொன்னார். கிளையை வாயில குடுத்தா தூளாத் துப்பிடுமாம்."

"வாங்கிடலாம்" என்றேன்.

இவ்வளவு சுலபமாக நான் ஒப்புக்கொண்டதில் அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் என் தொழில் அப்படி. வேலைபார்த்த காலமெல்லாம் ஒரு பெரிய அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தவன் நான். ஒரு பொருளை எப்படி வாங்குவது என்று என்னைக் கேட்காதீர்கள். எப்படி வாங்காமல் இருப்பது என்று கேளுங்கள். வேண்டாம் என்று மறுப்பவன் கற்றுக்குட்டி. 'நல்லதாகப் பார்த்து வாங்குவோம்' என்பவனே நிபுணன். என்னிடம் மின்விசிறி கேட்ட அதிகாரிகளுக்கு அது கிடைத்தபோது அவர்கள் கம்பளி போர்த்தியிருந்தார்கள்.

மெஷின் வரும்வரை வெட்ட முடியாது. வெட்டாதவரை நாற்காலிக்கு ஆபத்தில்லை. ஆகவே மெஷினைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினேன். தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தேன்.

"பாத்தீங்களா?"

"ரெண்டு ரகம் இருக்கு. ஒண்ணு பிளேடு வச்சது. வேகமா வெட்டும், ஆனா ஊரைக் கூட்டும்."

"இன்னொண்ணு?"

"பல்சக்கரம் வச்சது. மெதுவா நசுக்கித் தள்ளும். சத்தம் கம்மி."

"அப்ப அதை வாங்குங்க."

"ஈர இலை போட்டா சிக்கிக்கும்."

"அப்ப மொதல்ல சொன்னது."

"தடிச்ச கிளைன்னா திணறும்."

"நம்ம கிளை என்ன தடிமன்?"

"அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

"பேப்பருக்குள்ளேருந்தா?"

புதர் வளர்ந்தது. எதிர்வீட்டுப் பல் டாக்டர் கேட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு விசாரித்தார்.

"என்ன சார், இன்னும் முடிவாகலையா? ஒரு பல்லைப் பிடுங்கறதுக்கு நான் இவ்வளவு யோசிக்கறதில்லையே."

"அதனாலதான் டாக்டர், நான் இன்னும் உங்ககிட்ட வரல."

அன்று சாப்பிடும்போது என் மனைவி மிகவும் மென்மையாகப் பேசினாள். அப்போதே நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும்.

"நீங்க சொல்றதுதான் சரி. அவசரப்படக் கூடாது. சாம்பிள் பாக்காம எதையும் வாங்கக் கூடாதுன்னு சொல்வீங்களே. இதே தட்டுக்கு முன்னாடி உக்காந்து எத்தனை தடவை சொல்லியிருக்கீங்க. எனக்கு மனப்பாடம்."

என் கொள்கைகளை வீட்டில் ஒருவர் காதில் வாங்கியிருக்கிறார் என்பதே எனக்குச் செய்தி. நெஞ்சு விம்மியது. மறுநாள் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் இரண்டு மெஷின்களையும் பின்முற்றத்தில் தயாராக வைத்திருந்தார். "அம்மா போன வாரமே வந்து விவரம் கேட்டுட்டுப் போனாங்க சார்" என்றார். அந்த வாக்கியத்தை நான் கவனித்திருக்கலாம்.

"உங்க தோட்டத்துக் கிளையைக் கொண்டாங்க, ரெண்டுலயும் ஓட்டிப் பாத்துடலாம். விரல் தடிமன்ல கொஞ்சம். கட்டைவிரல் தடிமன்ல கொஞ்சம். மணிக்கட்டு தடிமன்ல கொஞ்சம். பச்சை தனி, காஞ்சது தனி."

"முள்ளு இருக்கே?" என்றாள் என் மனைவி.

"அது தனிக் கட்டு."

"கவட்டையா இருந்தா?"

"வாய்க்குள்ள போகாதும்மா. பக்கக் கிளையெல்லாம் கழிச்சுட்டு, முழ நீளத்துக்கு நேரா வெட்டிடுங்க."

மாதிரிக்கு நாலு கிளை. நாற்காலியிலிருந்து எட்டாத தூரத்தில், கொய்யா மரத்தில் எடுத்துக்கொண்டேன். அவள் கட்டைக் கையில் வாங்கி, நான் ஒரு காலத்தில் சப்ளையர்களைப் பார்த்த மாதிரியே பார்த்தாள்.

"எல்லாம் ஒரே மரத்துலயா?"

"ஆமா."

"மூட்டையில சாம்பிள் எடுத்தா நாலு மூலையிலயும் எடுக்கணும்னு சொல்வீங்களே."

சொல்லியிருக்கிறேன். அப்படி எடுக்காத ஒரு குமாஸ்தாவை அழவும் வைத்திருக்கிறேன். தோட்டத்தின் நாலு மூலையிலும் எடுத்தேன்.

"காஞ்சது மேலேருந்து எடுத்தது மட்டும் போதுமா? குவியலோட அடியில இருக்கறது வேற மாதிரி இருக்குமே."

அடியிலிருந்து எடுக்க, மேலிருப்பதை இறக்கினேன். இறக்கியதை நீளம் பார்த்து வெட்டினேன். கடையில் பிளேடு மெஷின் அலறியது. பல்சக்கர மெஷின் முணுமுணுத்தது. ஒரு கட்டு, விழுங்குகிற நேரத்துக்குள் முடிந்துபோனது.

"ஒரு தடவை ஓட்டினதை வச்சு முடிவு பண்ணலாமா?" என்றாள் அவள், கடைக்காரர் காதுபட.

"கூடவே கூடாது" என்றேன். என்னைத் தவிர வேறு யார் அதைச் சொல்ல முடியும்.

அதன்பிறகு என்னை யாரும் ஏவவில்லை. அடுத்த ஓட்டத்துக்காக, நானே விடிந்ததும் கத்தரியோடு இறங்கினேன். விரல், கட்டைவிரல், மணிக்கட்டு என்று அடுக்கினேன். கோணல்களை ஒதுக்கினேன். பல் டாக்டர் கேட்டருகே வந்து, கட்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார். ஒரு மருத்துவரின் அந்தப் பார்வைக்கு நான் பயந்திருக்க வேண்டும்.

கடைசியில் மணிக்கட்டு தடிமனில் ஒரு கட்டு குறைந்தது.

"தோட்டம் பூரா தேடிட்டேங்க" என்றாள். "ஜன்னலோரம் செம்பருத்தியில மட்டும்தான் அந்த தடிமன் இருக்கு."

நாற்காலியை ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். ஆனால் எல்லாக் கட்டும் நிறைந்து ஒன்று மட்டும் குறைந்திருப்பதைக் கொள்முதல்காரனால் சகிக்க முடியாது. ரம்பத்தை வைத்தேன். செம்பருத்தி சாய்ந்தது. பிடித்துக்கொள்ள ஆளில்லாத காகிதப்பூக் கொடி, தானாகவே மடிந்து என் காலடியில் விழுந்தது. கூடுதலாக ஒரு முள் கட்டும் கிடைத்தது.

அன்று பிற்பகல், அடுத்த ஓட்டத்துக்குக்கூடக் காத்திராமல் முடிவுக்கு வந்தேன். பல்சக்கர மெஷின்தான். சந்தேகமே இல்லை. கடைக்காரரிடம் சொல்லலாமென்று உள்ளே போனால், என் மனைவி போனில் அவரிடமே பேசிக்கொண்டிருந்தாள்.

"மெஷினா? வேண்டாங்க. அரைக்கறதுக்கு இங்க ஒண்ணும் மிச்சமில்லை. ஆமாங்க, வீட்லயே ஒண்ணு இருக்கு. சத்தம் கொஞ்சம் உண்டு. ஆனா வேலை சுத்தம்."

தோட்டத்தைப் போய்ப் பார்த்தேன். நான் அடுத்த கட்டில் கண்ணாயிருந்தபோதெல்லாம், முடிந்த கட்டை அவள் எடுத்துப் பிரித்திருக்கிறாள். விரல் தடிமன் கட்டுகள் இளம் அவரைக்கொடிக்குக் கொழுகொம்புகளாக வரிசையில் நின்றன. கட்டைவிரல்கள் பாதையின் இருபுறமும் கரை கட்டியிருந்தன. மணிக்கட்டுகள் ரோஜாப் பாத்திக்கு எல்லை. முள் கட்டு வேலி ஓட்டையை அடைத்திருந்தது. இலையெல்லாம் செடிகளின் காலடியில் போர்வை. பின்சுவரோரம் வெறும் சுவர்தான் இருந்தது.

என் நாற்காலி, திரை தூக்கிய மேடையில் வசனம் மறந்தவன் மாதிரி வெயிலில் நின்றது. வேறு போக்கிடமில்லாமல் அதில் உட்கார்ந்தேன்.

எதிரே ஜன்னல். உள்ளே விளக்கு அணைந்திருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றுமில்லை, கொஞ்சம் மேகம்தான். அவள் முன்நெற்றியில் அவ்வளவு வெள்ளை இருப்பதை அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன். பேப்பரை முகத்துக்கு எடுக்க மனம் வரவில்லை.

அவள் பார்வை வானத்திலிருந்து இறங்கி என்னிடம் வந்து சேர்ந்தது.

"நல்லாத் தெரியறீங்க" என்றாள்.

கம்பிகளுக்கு நடுவே ஒரு பை வந்தது. அதன் பின்னால் ஒரு பலகை. அதன் பின்னால் ஒரு கத்தி.

"அந்த பீன்ஸையும் அப்படியே ஒரே அளவா வெட்டிடுங்க. இதுக்கு முழ நீளம் வேண்டாம்."