நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாப்பிள்ளை

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. அம்மா நலம், அவளுடைய முழங்கால் வலியும் நலம். என் நலத்தைப் பற்றி, இதைப் படித்து முடித்தபின் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"அவர் என் மாமா." நேற்று அலுவலகத்தில் நான் சொல்லாமல் விட்டது இதைத்தான். சொல்வதற்கு நான்கு முறை வாய்ப்புக் கிடைத்தது.

வீட்டில் கணினி வேலை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நான் வேலை பார்ப்பது திருமணத் தகவல் மையத்தில். தெரிந்தால் அம்மா மறுநாளே என் பெயரைப் பதிந்துவிடுவாள் என்று மறைத்தேன். நீங்களும் எங்களுக்குத் தெரியாமல் அங்கேயே பதிந்து வைத்திருப்பீர்கள் என்று நான் கனவா கண்டேன்? வாராவாரம் எங்களிடம் பதிந்த பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்கள் பட்டியலிலிருந்து குலுக்கலில் ஒருவரை எடுத்து, 'இந்த வார அறிமுகம்' என்ற அட்டவணையை நிரப்பினால் செய்தி தானாகவே போய்விடும். அந்தக் குலுக்கலுக்குக் கணினி நிரல் எழுதும் வேலையை மேலாளர் என்னிடம் கொடுத்தார். எழுதி, ஒரே ஒரு பெண்ணை வைத்துச் சோதித்தேன். பல் மருத்துவர் வந்தார். மறுபடி ஓட்டினேன், தச்சர் வந்தார். அடேங்கப்பா, என்னமா குலுக்குது என்று பூரித்துப்போய் முழுப் பட்டியலையும் ஓட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். ஆளுக்கொரு சீட்டு எடு என்று அதற்கு நான் சொல்லவே இல்லை, மாமா. அது ஒரே ஒரு சீட்டை எடுத்து, அதையே நானூற்றுப் பன்னிரண்டு வரிகளிலும் ஒட்டிவிட்டது. சீட்டில் வந்தது நீங்கள். ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர், வயது நாற்பத்தாறு, 'பொறுமைசாலி, என் காலடியில் தனி பிரேக் உண்டு' என்று நீங்களே எழுதியது, எல்லாம்.

அப்புறம் போன் அடிச்சுது பாருங்க, நிக்கவே இல்ல. ஒரு வீட்ல அக்காவுக்கும் நீங்கதான், தங்கச்சிக்கும் நீங்கதான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு போன்ல எங்களத் திட்டினாங்க. மேலாளர் உங்க படத்தைப் பெரிசாக்கிப் பார்த்துட்டு, "யாரும்மா இவரு, ஊருக்கே மாப்பிள்ளை? சீட் பெல்ட்டு போட்டுக்கிட்டுதான் போட்டோவே புடிப்பாரா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், மாமா. கொஞ்சம் சத்தமாவே சிரிச்சேன். எப்படி இந்தத் தப்பு நடந்துச்சுன்னு கேட்டப்போ, கணினி சில நேரம் அப்படித்தான் சார்னு பழியை அது தலையில போட்டுட்டேன்.

எல்லாம் சரிசெய்தாகிவிட்டது. மன்னிப்புச் செய்தியும் போய்விட்டது. நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், அலுவலகப் பக்கம் வரவே வேண்டாம். நாம் உறவென்று அங்கே யாருக்கும் தெரியாது, தெரியவும் போவதில்லை. அம்மாவிடமும் மூச்சுவிட மாட்டேன்.

ஆசி கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. திட்டி எழுதினாலும் பணிந்து வாங்கிக்கொள்வேன்.

இப்படிக்கு,
தலை நிமிராத உங்கள் மருமகள்

பின்குறிப்பு: இதை உறையில் போடுமுன் இன்று காலை நீங்களே வந்து நின்றீர்கள். மேலாளர் என்னைக் கைகாட்டி, "லிஸ்ட் போட்டது இவங்கதான் சார்" என்றார். என் முகத்தை ஒரு நொடி பார்த்தீர்கள். "புதுசுங்களா? பரவால்லைங்க, பழகப் பழக வந்துரும்" என்று, தோளில் தூக்கி வளர்த்த என்னிடம், யாரோ ஒருவர் மாதிரி சொன்னீர்கள். பெயர் நீக்கும் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டுப் போனீர்கள். நீங்கள் படியிறங்கியதும் எழுந்து நின்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், நீங்கள் யார் என்பதையும் தப்பு யாருடையது என்பதையும். யாரும் சிரிக்கவில்லை. வரவேற்பு மேசை அக்காவும் அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "அய்யோ, நான் அவருக்குப் பதில் போட்டிருந்தேனே" என்றார். படிவம் முறையாக இருந்ததால், மூன்று மணிக்கு உங்கள் பதிவை நானே அழித்தேன். அந்த அக்கா உங்களுக்கு எழுதிய பதிலும் அதோடு போய்விட்டது.