சிஸ்டர் எசினாம் எடுத்த எட்டு போட்டோ

"எத்தனை காப்பி சிஸ்டர்?"

"எட்டு. மூஞ்சி நல்லாத் தெரியணும் ஃபோலி. போன தடவை எடுத்ததுல கோழி திருடினவ மாதிரி இருந்தேன்."

ஸ்டுடியோ வாசலைக் கடந்துபோன டோட்சே இதைக் கேட்டதும் நின்றான். எட்டிப் பார்த்தான். சுவரில் சிவப்புத் துணி தொங்கியது. அதன் முன்னால் முக்காலியில் உட்கார்ந்து கம்மலைச் சரிசெய்துகொண்டிருந்தார் சிஸ்டர் எசினாம். பாஸ்போர்ட் சைஸ். எட்டு.

சிஸ்டர் போனதும் உள்ளே பாய்ந்தான்.

"அண்ணே, எதுக்கு போட்டோ?"

"நான் புடிக்கிறது மூஞ்சியை. காரணத்தை இல்ல" என்றார் ஃபோலி. அவரிடமிருந்து அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

அட்சாகோபே ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கத் தெரிந்தவர் சிஸ்டர் எசினாம் ஒருவர்தான். இரண்டே வருடத்தில் பெரிய டாக்டர், இரண்டு மருத்துவச்சிகள், மருந்துக்கடைக்காரர் என்று வரிசையாக விமானம் ஏறிவிட்டார்கள். பெரிய டாக்டர் 'தலைநகர் அக்ராவில் மூன்று நாள் பயிற்சி' என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பத்தாம் நாள், பனிக்கு நடுவே கம்பளித் தொப்பி போட்டுச் சிரிக்கும் படம் எல்லோருடைய போனுக்கும் வந்தது. எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர் யாரும் வாயைத் திறந்து சொல்லமாட்டார். சொன்னால் கண் பட்டுவிடும், விசா நின்றுவிடும். ஆகவே ஒருவர் போகிறாரா என்று தெரிந்துகொள்ள ஒரே வழி அவரையே கேட்பது. 'இல்லை' என்று சொன்னால் போகிறார்.

டோட்சே பள்ளிக்கூட வாத்தியார். அதோடு, 'இங்கேயே இருப்போம்' இளைஞர் இயக்கத்தின் தலைவர். படித்தவர்களை ஊரிலேயே நிறுத்திவைக்க வேண்டும் என்பது இயக்கத்தின் கொள்கை. தொடங்கும்போது பத்தொன்பது பேர் இருந்தார்கள். இப்போது பதினான்கு. மற்ற ஐந்து பேர் எங்கே என்று கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

அன்று மாலை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி அகோஃபாவிடம் ஓடினான். பக்கத்துக் காலி மனையில் போன மாதம் யாரோ நான்கு சிமெண்டுத் தூண் நட்டிருந்தார்கள். யார் என்று ஊர்த்தலைவரின் காரியதரிசியைக் கேட்டால் பத்திரம் முடியும்வரை சொல்ல முடியாது என்றார். ஆள் வரும்வரை வீணாகக் கிடப்பானேன் என்று அகோஃபா இரண்டு தூண்களுக்கு நடுவே கொடி கட்டிவிட்டாள்.

"சிஸ்டர் போறாங்க" என்றான் டோட்சே.

அகோஃபாவின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. மறு கை வயிற்றுக்குப் போனது. மூன்று மாதம். முதல் பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை. அகோஃபா தங்கியது சிஸ்டர் எசினாம் கையால். அடுத்தது ஆபரேஷன்தான், வலி வரக் காத்திருக்காதீர்கள் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். அதைச் செய்ய வாரம் இரண்டு நாள் ஒரு சின்ன டாக்டர் வருகிறார். மயக்க மருந்து கொடுக்க சிஸ்டர் இல்லையென்றால் அவர் வந்து என்ன, வராமல் என்ன.

"தலைவரே, உன் சங்கம் எதுக்கு இருக்கு? இத்தனை நாள் மைக்ல கத்தினியே. அவங்களை நிறுத்து" என்றாள். குரல் கேலியாக இருந்தது. கண் அப்படி இல்லை.

மறுநாளே பதினான்கு பேரும் மனு எழுதிக்கொண்டு சிஸ்டர் வீட்டுக்குப் போனார்கள். அவர் அப்போதுதான் டியூட்டி முடிந்து வந்து, 'பங்கு' என்கிற புளித்த சோளமாவு உருண்டையைப் பிட்டு மிளகாய்த் துவையலில் தொட்டிருந்தார்.

"சிஸ்டர், நீங்க எங்களை விட்டுப் போகக்கூடாது."

"எங்கே?"

"வெளிநாட்டுக்கு."

"யார் சொன்னா? நான் எங்கேயும் போகலையே!"

பதினான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளன் பிராஸ்பர் தலையைத் தொங்கப்போட்டான். உறுதியாகிவிட்டது.

"அப்போ அந்த எட்டு போட்டோ?"

சிஸ்டரின் முகம் லேசாக மாறியது. "அது ஒரு சின்ன வேலை தம்பி. முடியட்டும், நானே சொல்றேன்."

திரும்பும் வழியில் பிராஸ்பர், "டாக்டர் கூட 'சின்ன பயிற்சி'ன்னுதான் சொன்னார்" என்றான். ஒருத்தன் மூக்கை உறிஞ்சினான்.

கெஞ்சினால் நிற்கமாட்டார், கௌரவித்தால் நிற்பார் என்று டோட்சே முடிவு செய்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் திடலில் பாராட்டு விழா. மரியாதைக்குப் போர்த்தும் பல வண்ணக் கென்டே துண்டு போர்த்தினார்கள். கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழ் கொடுத்தார்கள். பதினோரு வருடத்தில் எத்தனை ஆபரேஷன், எத்தனை தாய்மார்கள், என்னென்ன அவசரத்தில் தனியாளாகச் சமாளித்தார் என்று ஒன்று விடாமல் டோட்சே அதில் எழுதியிருந்தான். ஊர்த்தலைவர் கையெழுத்து, பாதிரியார் கையெழுத்து, ஆஸ்பத்திரி முத்திரை. அகோஃபா மைக்கைப் பிடித்து, "நான் நிக்கிறது இவங்களாலதான்" என்று சொல்லி, அடுத்த வாக்கியம் வராமல் அழுதாள். சிஸ்டரும் அழுதார். திடல் முழுக்க அழுதது.

பிராஸ்பர் இதையெல்லாம் வீடியோ எடுத்து, 'எங்கள் சிஸ்டரைப் பறிக்காதீர்கள், உலகமே!' என்று தலைப்புப் போட்டு அனுப்பிவைத்தான்.

உலகம் பார்த்தது. புதன்கிழமை சிஸ்டருக்கு இங்கிலாந்திலிருந்து போன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஒரு கம்பெனி. ஒரு ஊரே இப்படி அழுகிற நர்ஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்று கேட்டார்களாம். எங்களிடம் வருகிறீர்களா? நற்சான்று ஏதாவது உண்டா?

"உண்டு, சட்டமே போட்டுக் குடுத்திருக்காங்கன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சா" என்று சிஸ்டரும் சிரித்துக்கொண்டேதான் வார்டில் சொன்னார். 'எனக்கு வேண்டாம்மா' என்று போனை வைத்துவிட்டதையும் சொன்னார். அந்தக் கடைசிப் பகுதியை இயக்கம் நம்பவில்லை.

"கெடு நெருங்கிடுச்சு. இனிமே காவல்" என்றான் டோட்சே.

பள்ளி நேரம் போக மற்ற நேரமெல்லாம் சிஸ்டர் வீட்டு வாசலில் இரண்டு இரண்டு பேராகப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். சந்தைக்குப் போனால் பின்னாலேயே போனார்கள். தக்காளி வாங்கினால், எத்தனை தக்காளி என்று பார்த்தார்கள். ஆறு வாங்கினால் நிம்மதி. இரண்டே வாங்கினால் டோட்சேக்கு போன் பறந்தது.

"ரெண்டா? அப்ப நாளைக்கு ஊர்ல இருக்கமாட்டாங்களா?"

"தலைவரே, தக்காளி விலை ஏறியிருக்கு."

"நீ கண்ணை எடுக்காத!"

பஸ் நிலையத்தில் ஓட்டுநர் சங்கத்தோடு பேசி முடித்தார்கள். பெட்டியோடு வந்தால் சிஸ்டரை ஏற்றக்கூடாது. ஓட்டுநர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் மனைவிகளும் பிள்ளை பெறுகிறவர்கள்தானே.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சிஸ்டர் பெட்டியோடு வந்தார். சாவுக்கு உடுத்தும் கறுப்பும் சிவப்பும் கலந்த உடை. ஒரு வண்டியும் ஏற்றவில்லை. ஒருவர் டயர் பஞ்சர் என்றார். இன்னொருவர், தான் ஓட்டுநரே இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்றார். மூன்றாவது வண்டியில் ஏறி உட்கார்ந்தேவிட்டார். டோட்சே பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து பெட்டியை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

"தம்பி, விடு. கேட்டாங்கிற ஊர்ல எங்க சித்தி செத்துட்டாங்க. என்னை வளர்த்தவங்க. நாளைக்கு அடக்கம்."

டோட்சே கேட்டான். கேட்டு, பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்தான். மருந்துக்கடைக்காரரும் மாமா சாவுக்கு என்று சொல்லித்தான் போனார். மாமா இன்றைக்கும் உயிரோடு மீன் விற்கிறார்.

பதினொரு மணி வண்டியும் போனது, இரண்டு மணி வண்டியும் போனது. சிஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் பெட்டியைக்கூட வாங்காமல் எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனான் டோட்சே. வழியில் மனம் கேட்காமல் திறந்து பார்த்தான். இரண்டு துக்க உடை, சித்தியின் படம் போட்ட அடக்க அறிவிப்பு அச்சுத்தாள், ஒரு பொட்டலம் பிஸ்கட். பாஸ்போர்ட் இல்லை. எந்தக் காகிதமும் இல்லை. நடுத்தெருவில் நின்றுகொண்டு அந்த அச்சுத்தாளை இரண்டு முறை படித்தான். அன்று அவன் பட்ட வெட்கத்தை நான் எழுதிக் காட்ட முடியாது.

சிஸ்டர் கதவைத் திறந்தார். பெட்டியை வாங்கிக்கொண்டார். திட்டவில்லை.

"பதினோரு வருஷமா இங்க இருக்கேன் டோட்சே. சாப்டியான்னு ஒருத்தர் கேட்டதில்ல. நான் போயிடுவேன்னு நெனச்சதும் துண்டு, மைக்கு, காவல். எங்க சித்தி மூஞ்சியை மண்ணு மூடறதுக்குள்ள ஒரு தடவை பார்த்திருப்பேன்."

"சிஸ்டர், மன்னிச்சிருங்க... அகோஃபாவுக்கு..."

"தெரியும். அவளுக்காக எத்தனை தடவை நெனச்சுப் பார்த்தேன்னு உனக்குத் தெரியாது."

கதவு சாத்திக்கொண்டது. திங்கட்கிழமை இங்கிலாந்துக் கம்பெனிக்கு அவரே போன் செய்தார்.

நான்கு மாதம் ஆயிற்று காகிதங்கள் வர. சான்றிதழைச் சட்டத்திலிருந்து பிரித்து, முதல் பக்கமாக வைத்து அனுப்பினாராம். அங்கே மயக்க மருந்து கொடுக்கும் வேலை இல்லை. ஒரு முதியோர் இல்லத்தில் குளிப்பாட்டி, சோறூட்டும் வேலை. கிளம்பும் அன்று சொல்லிக்கொண்டே கிளம்பினார். எங்கள் ஊரில் 'போகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போன ஒரே ஆள் அவர்தான். ஓட்டுநர்கள் பெட்டியை ஏற்றிக்கொடுத்தார்கள். அகோஃபா பெரிய வயிற்றோடு நின்று கையாட்டினாள். சிஸ்டர் வண்டியிலிருந்து இறங்கி வந்து அந்த வயிற்றில் ஒரு தரம் கை வைத்துவிட்டுத் திரும்ப ஏறினார்.

அதே வாரம் பக்கத்து மனையும் கைமாறியது. முன்பு வாங்க இருந்தவர் வேண்டாம் என்றுவிட்டாராம். இப்போது வாங்கியது ஒரு புது ஜெபக்கூடம். தகரக் கூரை போடும் முன்பே ஒலிபெருக்கி வைத்துவிட்டார்கள்.

"தூணை நட்டவங்க யாரோ, அவங்களே வந்திருக்கலாம்" என்று காதைப் பொத்திக்கொண்டு சொன்னாள் அகோஃபா.

எட்டாம் மாதம் முடிந்ததும், இனி இங்கே வைத்துக்கொள்ள முடியாது, பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று சின்ன டாக்டர் கையை விரித்தார். மூன்று மணி நேரப் பயணம், பாதி பள்ளம். துணைக்கு இருப்பவருக்கு அட்டை போட இரண்டு போட்டோ வேண்டும் என்றார்கள். அகோஃபாவை பஸ் நிலைய பெஞ்சில், அதே பெஞ்சில், மூட்டையோடு உட்காரவைத்துவிட்டு டோட்சே ஃபோலியிடம் ஓடினான்.

"உக்காரு. சிவப்பா, வெள்ளையா?" என்றார் ஃபோலி.

"எதுவா இருந்தா என்னண்ணே? அவ தனியா உக்காந்திருக்கா. சீக்கிரம்."

"எதுவா இருந்தா என்னவா? வெளிநாட்டுக் காகிதம்னா வெள்ளைத் துணி. நம்ம ஊர் மனைப் பத்திரம்னா சிவப்பு. மாத்திக் குடுத்தா நில ஆபீஸ்ல மூஞ்சியிலேயே எறிவான்."

முக்காலியில் உட்காரப் போன டோட்சே பாதியில் நின்றான்.

"சிஸ்டர் எசினாம்... சிவப்புத் துணியிலதானே எடுத்தாங்க?"

"ஆமா. பத்திரம் முடியறவரைக்கும் மூச்சு விடாதேன்னாங்க, விடல. அப்புறம் அவங்களே போறேன்னுட்டாங்க, நான் என்ன சொல்ல?" ஃபோலி கேமராவைத் துடைத்தார். "மனையையும் நான்தான் படம் புடிச்சேன், நாலு தூணும் தெரியறாப்புல. நடுவுல உன் பொண்டாட்டி துணி காயப்போட்டிருந்தா. கழட்டிடவான்னு கேட்டேன். 'இருக்கட்டும் ஃபோலி, இனிமே பக்கத்து வீட்டுக்காரங்கதானே, குழந்தைத் துணியும் இங்கேயே காயட்டும்'னாங்க."